மதிய உணவுக்கு டெலிவரி சந்தா எடுக்கும் முன்

“தினமும் மதியச் சாப்பாட்டை டெலிவரியில் வாங்கிக்கொள்ளலாமா?” உணவியல் ஆலோசகராக நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. தாராளமாக வாங்கலாம். சமைக்க நேரமில்லாமல் மதியப் பொழுதை பிஸ்கட்டிலும் காபியிலும் ஓட்டுகிறவருக்கு, காய்கறியும் புரதமும் உள்ள ஒரு டப்பா நேரத்துக்கு வந்து சேர்வது பெரிய உதவி.

ஆனால் எப்போதோ ஒருநாள் விருந்தில் சாப்பிடுவதும், வாரத்தில் ஐந்து நாள் ஒரே சமையலறையிலிருந்து வாங்கிச் சாப்பிடுவதும் ஒன்றாகாது. விருந்துக்கு நான் யாரிடமும் கணக்குக் கேட்பதில்லை. மாதக்கணக்கில் தொடரும் சாப்பாட்டுக்குக் கட்டாயம் கேட்பேன். அதில் தினமும் கொஞ்சம் உப்பு கூடினாலும், கொஞ்சம் புரதம் குறைந்தாலும், நாளடைவில் உடம்பு அதைக் காட்டிவிடும்.

முதலில் உப்பு. பிபிக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் என்னிடம் வந்தார். மாத்திரையைத் தவறவிடவில்லை, நடைப்பயிற்சியையும் விடவில்லை, ஆனாலும் பிபி ஏறிக்கொண்டே வந்தது. மாறியிருந்தது மதியச் சாப்பாடு மட்டும்தான். அந்த டப்பாவின் மேலுறையைக் கொண்டுவரச் சொன்னேன். முன்பக்கத்தில் பச்சை இலைப் படம், ‘கொழுப்பு குறைவு’ என்ற பெரிய எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் சோடியம் 320 மில்லிகிராம். அதற்கும் மேலே, இன்னும் சிறியதாக, ‘100 கிராமுக்கு’ என்று இருந்தது. டப்பாவின் எடை 450 கிராம். அப்படியென்றால் மொத்தச் சோடியம் 1,440 மில்லிகிராம். சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும்: 3.6 கிராம். ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சேர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர் 320 என்பதை முழு டப்பாவுக்கான கணக்கு என்றே நம்பியிருந்தார். படித்தவர்தான், அந்த எழுத்து அச்சிடப்பட்டிருக்கும் விதம் அப்படி.

கொழுப்பைக் குறைத்தால் ருசியும் குறையும். அதை ஈடுகட்ட உப்பு, சர்க்கரை, சாஸ் கூடுவதை லேபிள்களில் அடிக்கடி பார்க்கிறேன். அதனால் சாஸையும் சாலட் டிரஸ்ஸிங்கையும் தனிப் பொட்டலமாகத் தரச் சொல்லிக் கேளுங்கள். பாதி போதும் என்று நிறுத்துவது அப்போது உங்கள் கையில் இருக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. காய்கறி நிறைந்த டப்பாவில் கலோரி எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சின்னப் பொட்டலத்தைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதே இல்லை. எடை குறைக்கவென்று விற்கப்படும் சில டப்பாக்களில் சாப்பாடு மிகவும் கொஞ்சம். ஒரு மணிக்குச் சாப்பிட்டவருக்கு நான்கு மணிக்கெல்லாம் கை நொறுக்குத்தீனியைத் தேடும். ‘எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை’ என்று தன்னையே நொந்துகொண்டு என் முன்னால் உட்காருவார்கள். அவர்களிடம் மாலையில் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதிவரச் சொல்வேன். பல நேரம் குறை மனத்தில் இருப்பதில்லை, மதிய டப்பாவில்தான். புரதமும் நார்ச்சத்தும் போதாத சாப்பாடு வெகுநேரம் தாங்காது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும், 400 கிராம் காய்கறி பழமும் வேண்டும். மதியச் சாப்பாட்டில் அதில் மூன்றில் ஒரு பங்காவது வந்துவிட்டால் மீதியைச் சமாளிக்கலாம்.

சுகர் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்கள் திடீரென்று மாவுச்சத்து மிகக் குறைந்த டப்பாவுக்கு மாறினால், மருந்தின் அளவு பழையபடியே இருக்க, ரத்தச் சர்க்கரை 70க்கும் கீழே இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு என்று தொடங்கி மயக்கம் வரை போகும். உணவை மாற்றும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ‘சோடியம் குறைவு’ என்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். சாதாரண உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருக்கலாம்; சிறுநீரகம் சரியாக வெளியேற்றாவிட்டால் பொட்டாசியம் ரத்தத்தில் கூடிவிடும். உள்ளடக்கப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இனி நேரம். இதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில். சூடாக வரவேண்டிய டப்பா சூடாகவும், குளிர்ந்து வரவேண்டியது குளிர்ந்தும் கைக்கு வரவேண்டும். வெதுவெதுப்பாக வந்தது எத்தனை நேரம் அப்படி இருந்தது என்று உங்களால் சொல்லவே முடியாது. பதினொரு மணிக்கு வந்த டப்பாவை மேசையிலேயே வைத்துவிட்டு, மீட்டிங் எல்லாம் முடிந்து இரண்டரைக்குத் திறப்பது அலுவலகங்களில் சகஜம். சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ‘மைக்ரோவேவில் சுடவைத்துவிட்டேனே’ என்பார்கள். பேசில்லஸ் செரியஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற பாக்டீரியாக்கள் உணவில் விட்டுப்போகும் சில நச்சுகள் சூட்டுக்கு அழிவதில்லை. சோறும் பாஸ்தாவும் வெளியில் கிடந்தால் பேசில்லஸ் செரியஸுக்கு நல்ல தீனி.

கர்ப்பிணிகள், முதியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் குளிர்ந்த நிலையில் அப்படியே சாப்பிடும் டப்பாக்களைத் தவிர்ப்பது நல்லது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். இவர்கள் ஆவி பறக்கச் சூடாக்கியே சாப்பிட வேண்டும்.

சந்தா எடுப்பதென்றால் ஒரே மூச்சில் மாதக்கணக்கில் பணம் கட்டாதீர்கள். முதலில் ஒரு வாரம் வாங்கிப் பாருங்கள். அந்த வாரத்தில் மாலைப் பசி எப்படி, தாகம் கூடியிருக்கிறதா என்று கவனியுங்கள். வீட்டில் கருவி இருந்தால் பிபியையும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு சுகரையும் குறித்துவையுங்கள். டப்பாவின் மொத்த எடை, அதற்கான சோடியமும் புரதமும், எப்போது சமைத்தது, ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தனிப் பாத்திரத்தில் சமைக்கிறார்களா, இவற்றைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். நல்ல சமையலறைகள் தயங்காமல் தருகின்றன. தராத இடத்தில் சந்தா எடுக்க என்னிடம் வருபவர்களை நான் அனுப்புவதில்லை.