சுகர் இறங்கியவருக்குச் சர்க்கரை போடாத டீயா?

இந்தக் கோடையில் இது எத்தனையாவது கேஸ் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஓய்வுபெற்ற தம்பதி, பேரப்பிள்ளைகளோடு சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்புகிறார்கள். டிபனை மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அய்யா சுகர் மாத்திரையை மட்டும் வீட்டிலேயே போட்டுக்கொள்கிறார். கோடை விழா கூட்டம். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் நிற்கின்றன. மாத்திரை நிற்குமா? அது பாட்டுக்குச் சுகரை இறக்கும் வேலையைப் பார்க்கிறது.

பாதி மலையில் அவருக்குக் குப்பென்று வியர்க்கிறது. அந்தக் குளிர்காற்றில் வியர்வை ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை. அப்புறம் மருமகன் மீது எரிந்து விழுகிறார், வார்த்தை குழறுகிறது. அம்மா பதறிப்போய் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுக்கிறார். சர்க்கரை போடாத டீ! கூடவே சுகர்ஃப்ரீ பிஸ்கட் இரண்டு. என்னிடம் கொண்டுவந்தபோது குளுக்கோமீட்டரில் 38. ஏனம்மா சர்க்கரை கொடுக்கவில்லை என்றால், "சக்கரைக்காரருக்குப் போய்ச் சக்கரை கொடுக்கலாமுங்களா?" என்கிறார்.

கொடுக்கணும். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போய்விட்டால் அந்த நிமிடத்தில் அவருக்குச் சர்க்கரைதான் மருந்து. "கொடுத்தால் ஏறிவிடுமே" என்கிறார்கள். ஏறத்தானே கொடுக்கிறோம்! கொஞ்சம் கூடுதலாக ஏறி 250 ஆனாலும் நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம். 38இல் கிடக்கும் மூளைக்கு அந்த அவகாசம் கிடையாது. சர்க்கரை இல்லாத டீயும் வெந்நீரும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். பிஸ்கட் மாவு செரித்து ரத்தத்தில் சேர நேரமாகும். "லட்டு கொடுத்தேனே சார்" என்பார்கள். அதிலுள்ள நெய்யே சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடி, அரை டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறியதும் சாப்பாடு.

வீட்டுச் சர்க்கரை போதாதா? பெரும்பாலும் போதும். ஆனால் வோக்லிபோஸ் என்ற சுகர் மருந்து கலந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது சீக்கிரம் செரிக்காது, குளுக்கோஸ்தான் வேண்டும். மருந்துக் கடையில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பிரஷருக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே சுகர் இறங்கலாம்; வியர்வையை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

மலை என்றில்லை, அறுபதாம் கல்யாணமும் இதே கதைதான். திருக்கடையூர் போய் விடியற்காலையில் மணையில் உட்கார்ந்து, ஹோமம் முடிந்து கலச நீர் ஊற்றும்வரை தம்பதிக்குச் சாப்பாடு கிடையாது. ஆனால் பழக்கதோஷத்தில் காபியோடு மாத்திரை மட்டும் உள்ளே போயிருக்கும். வியர்த்தால் ஹோமப் புகை, தள்ளாடினால் வயசு. விழா எடுக்கும் பிள்ளைகளே, பந்திக்கு எத்தனை இலை என்று பார்ப்பதற்கு முன்னால் அப்பா மாத்திரை போட்டாரா, சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சுகர் மருந்துகளில் மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பொதுவாகப் பயமில்லை. கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, இன்சுலின், இவைதான் வம்பு. சாப்பாடு கண்ணில் பட்ட பிறகு போட்டுக்கொள்ளுங்கள். கிளியூர் அருவிக்கு இறங்கி ஏறுவதாக இருந்தால் அதற்கும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். குளுக்கோஸ் டப்பா கைப்பையில் இருக்கட்டும், டிக்கியில் பெட்டிக்கு அடியில் அல்ல. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். தெளிந்ததும் "சரியாப் போச்சே, கிளம்பலாமா" என்று நச்சரிக்கவும் வேண்டாம். இந்த மாத்திரைகள் மணிக்கணக்கில் உடம்பில் நிற்கும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இன்னும் நேரம். சுகர் திரும்பவும் இறங்கலாம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கிறோம், பில் போடுவதற்காக அல்ல.

அடுத்த டூர் டிக்கெட் போட்டதும் மருந்துச் சீட்டோடு உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள். எதைத் தள்ளிப் போடலாம், எதைக் குறைக்கலாம் என்று எழுதிக் கொடுப்பார். போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள், அன்றைக்கு பிளாஸ்கைத் திறக்கப்போவது அவர்தான்.