ரேஷனலிசம்: இறையியலில் பகுத்தறிவுவாதம்

லத்தீனில் 'ராத்தியோ' என்றால் முதலில் கணக்கு. பிறகு காரணம், பகுத்துணரும் ஆற்றல் என்று பொருள் விரிந்தது. ரேஷனலிசம் அதிலிருந்து வந்த சொல். தமிழில் பகுத்தறிவுவாதம் என்பதே இதற்குச் சரியானது. ஆனால் திருச்சபை வரலாறு படிக்கும்போது கவனம் வேண்டும். பெரியாருக்குப் பிறகு பகுத்தறிவுவாதி என்றாலே கடவுள் மறுப்பாளர் என்று எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். ஐரோப்பியச் சபைகளில் அந்தப் பெயர் பெற்றவர்களில் பலர் போதகர்கள், இறையியல் பேராசிரியர்கள். கடவுள் உண்டு என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. வேதம் சொல்வதையும் அறிவின் முன் நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்றார்கள். ஆகவே இந்தச் சொல்லை 'நாத்திகம்' என்று மொழிபெயர்ப்பது பெரும் பிழை.

நற்செய்தியில் அறிவுக்கு முரணானதும் இல்லை, அதற்கு அப்பாற்பட்டதும் இல்லை என்று 1696-இல் அயர்லாந்துச் சிந்தனையாளர் ஜான் டோலண்ட் எழுதினார். மறு ஆண்டே அயர்லாந்து நாடாளுமன்றம் அந்த நூலை எரிக்க உத்தரவிட்டது.

ஜெர்மனியில் இந்தப் போக்கு பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே வேரூன்றியது. ஹைடல்பெர்க் பேராசிரியர் பவுலுஸ் அற்புதங்களுக்கெல்லாம் இயற்கையான காரணம் தேடினார். இயேசு கடல்மேல் நடக்கவில்லை, கரையில்தான் நடந்தார், சீடர்கள் தவறாகக் கண்டார்கள் என்பது அவர் விளக்கம். அந்தக் கடலிலேயே மீன்பிடித்து வளர்ந்தவர்களுக்குக் கரை எது, நீர் எது என்று தெரியாமல் போகுமா? என்னைக் கேட்டால், அற்புதத்தை நம்புவதைவிட இதை நம்புவதுதான் கடினம். ஆனாலும் சுவிசேஷங்களை வரலாற்று ஆவணங்களாக வைத்து ஆராயும் துணிச்சல் இவர்களால்தான் வந்தது. அதற்கு இன்றைய விவிலிய ஆய்வு கடன்பட்டிருக்கிறது.

இந்த வரலாறு நம் கரையையும் தொட்டது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரில் வேரூன்றிய பக்தி இயக்கத்தில் (பயட்டிசம் எனும் லுத்தரன் சபை இயக்கம்) உருவானவர். அந்த இயக்கத்தாரின் எதிர்ப்பால் 1723-இல் மெய்யியலாளர் கிறிஸ்டியன் வோல்ஃப் ஹாலேயிலிருந்து துரத்தப்பட்டார். அறிவைக் கொண்டே அறநெறியை எட்டலாம் என்று அவர் பேசியதுதான் குற்றம். 1740-இல் புதிய அரசர் அவரைத் திரும்ப அழைத்தார். 1753-இல் அங்கே பேராசிரியரான செம்லர், வேதாகம நூல் தொகுப்பே வரலாற்றில் படிப்படியாக உருவானதுதான் என்று கற்பித்தார்.

பக்தி இயக்கத்தின் சூடு அங்கே தணிந்ததும் தமிழகத்துக்கு மிஷனரிகள் வருவதும் குறைந்தது. வேறு காரணங்களும் உண்டு என்றாலும் இது முக்கியமானது. தரங்கம்பாடியில் அந்த வரிசையின் கடைசி மிஷனரி கெமரர் 1837-இல் இறந்தார்.