ஆறு மணி அறிவிப்பு ஆறே முக்காலுக்கு ஏன் வருகிறது?

நான் முதன்முதலில் எழுதிய செயலி மிகச் சாதாரணமானது. முந்தின நாள் எழுதி வைத்த குறிப்பைக் காலை 6 மணிக்கு அறிவிப்பாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு ஃபோனைக் கணினியோடு கேபிளில் இணைத்துச் சோதித்தபோதெல்லாம் நொடி பிசகாமல் வந்தது. இரவு மேசையில் வைத்துவிட்டுத் தூங்கினால் மட்டும் வராது. ஆறே முக்காலுக்கு எழுந்து ஃபோனைக் கையில் எடுத்ததும், அதற்காகவே காத்திருந்ததுபோல ‘டிங்’ என்று வந்து நிற்கும். இரண்டு நாள் என் நிரலுக்குள் காரணம் தேடினேன். காரணம் கேபிளில் இருந்தது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் ஃபோன் ஆழ்ந்து தூங்குவதில்லை.

திரை அணைந்து சற்று நேரமானதும், உடனடி வேலை எதுவும் இல்லையென்றால் ஃபோனின் பிராசஸர் நின்றுவிடும். உங்கள் நிரலில் ‘ஒரு மணி நேரம் கழித்து இதைச் செய்’ என்று ஒரு டைமர் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் சேர்ந்தே நிற்கும். அப்படியானால் நேரத்தை எண்ணுவது யார்? அதற்கென்று ஒரு சிறு கடிகாரச் சுற்று தனியாக விழித்திருக்கிறது. அதில் உள்ள குவார்ட்ஸ் படிகம் பொதுவாக நொடிக்கு 32,768 முறை அதிரும். விசித்திரமான எண்ணாகத் தெரியும். ஆனால் அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக 1 வரும், அதாவது நொடிக்கு ஒரு துடிப்பு. கைக்கடிகாரத்தில் இருப்பதும் இதே வகைப் படிகம்தான். இயங்குதளம் தூங்கப் போகுமுன் ‘இத்தனை மணிக்கு என்னை எழுப்பு’ என்று இந்தச் சுற்றிடம் சொல்லிவிட்டுப் படுக்கும். ஆண்ட்ராய்டில் இந்த ஏற்பாட்டைச் செயலிகளுக்குத் திறந்துவிடுவது அலாரம் மேனேஜர்.

சரி, எழுப்பிவிட வேண்டியதுதானே? எழுப்புவதற்குச் செலவு உண்டு. அதிலும் பெரிய செலவு, இணையத்தோடு பேசும் ரேடியோ. அரை நொடியில் முடியும் ஒரு சின்னத் தகவலை அனுப்பினாலும், அடுத்து ஏதாவது வரக்கூடும் என்று ரேடியோ உடனே அடங்காமல் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 4ஜியில் இது பத்து நொடி வரைகூட நீளும். இருபது செயலிகள் இருபது வெவ்வேறு நிமிடங்களில் எழுந்தால் இந்த வால் இருபது முறை. எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தால் ஏறக்குறைய ஒரு முறை. ஒவ்வொரு செயலியும் தன்னளவில் ஒழுங்காக நடந்துகொண்டாலும் பேட்டரி காலியாவது இப்படித்தான்.

அதனால் நேரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஆண்ட்ராய்டு படிப்படியாகத் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. 2013இல் வந்த 4.4 பதிப்பில் சாதாரண அலாரங்கள் ‘ஏறத்தாழ’ ஆயின. பக்கத்துப் பக்கத்து அலாரங்களைச் சேர்த்து ஒரே விழிப்பில் முடித்தது. 2015இல் 6.0 பதிப்பில் டோஸ் (Doze) என்ற ஆழ்தூக்க நிலை வந்தது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் ஃபோனில் இணையம் தடுக்கப்படும், சாதாரண அலாரங்கள் ஒத்திப்போடப்படும். நடுநடுவே சிறு பராமரிப்பு நேரம் திறந்து, காத்திருக்கும் வேலைகள் மொத்தமாக ஓடும். ஃபோன் கிடக்கக் கிடக்க அந்த இடைவெளிகள் நீளும். எடுத்துத் திரையைப் போட்டதும் டோஸ் கலையும். என் ஆறே முக்கால் ‘டிங்’ அப்படி வந்ததுதான்.

ஆக, செயலி தருவது உத்தரவு அல்ல, விண்ணப்பம். ஐஃபோனின் ஐஓஎஸில் இதைப் பெயரிலேயே ‘ரிக்வெஸ்ட்’ என்று சொல்லிவிடுகிறார்கள். 2019இல் ஐஓஎஸ் 13உடன் வந்த பின்னணி வேலை (செயலி திரையில் இல்லாதபோது நடக்கும் வேலை) ஏற்பாட்டில் நாம் குறிக்கக்கூடியது ‘இதற்கு முன் தொடங்காதே’ என்ற நேரத்தை மட்டும். எப்போது தொடங்கும் என்பதை, அந்தச் செயலியை நீங்கள் வழக்கமாக எப்போது திறக்கிறீர்கள் என்பதையும் பார்த்து இயங்குதளமே முடிவு செய்யும். செயலி தன் தகவல்களைப் புதுப்பித்துக்கொள்ளும் வகை வேலைக்குக் கிடைப்பது சுமார் 30 நொடி.

ஆண்ட்ராய்டில் இன்று பெரும்பாலான பின்னணி வேலைக்கு, அவற்றை வாங்கி வைத்துத் தக்க நேரத்தில் ஓட்டும் வொர்க் மேனேஜர்தான் சரியான இடம். அதனிடம் மணி சொல்வதைவிட நிபந்தனை சொல்வது நல்லது: வைஃபை இருக்கும்போது, சார்ஜ் ஏறும்போது. திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம்; ஐந்து நிமிடம் என்று எழுதினாலும் பதினைந்தாக்கிவிடும். விண்ணப்பங்களை ஃபோனிலேயே ஒரு தரவுத்தளத்தில் எழுதி வைப்பதால், ஃபோனை அணைத்துப் போட்டாலும் மறக்காது. அலாரம் மேனேஜரில் வைத்தவை அப்படியல்ல, அணைத்தால் அழிந்துவிடும்; ஃபோன் மீண்டும் எழுந்ததும் நாம்தான் திரும்ப வைக்க வேண்டும். வேலை தோற்று, மறுபடி முயல்கிறேன் என்று நிரல் சொன்னால், வொர்க் மேனேஜர் 30 நொடி, 60, 120 என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். அதிகபட்சம் 5 மணி நேரம். (சில தயாரிப்பாளர்கள் இதற்கு மேலும் தங்கள் சொந்த பேட்டரிக் கெடுபிடியைச் சேர்ப்பது தனித் தலைவலி.)

சொன்ன நிமிடத்தில் நடந்தே ஆக வேண்டிய வேலைகளும் உண்டு. விழிக்க வைக்கும் அலாரம் அரை மணி தாமதித்தால் எதற்கு? ஐஓஎஸில் அறிவிப்பை முன்கூட்டியே இயங்குதளத்திடம் கொடுத்துவிடலாம்; நேரம் வந்ததும் செயலி விழிக்காமலே அது காட்டிவிடும். ஆனால் ஒரு செயலிக்கு 64 அறிவிப்புகள்தான் வரிசையில் நிற்கலாம். ஆண்ட்ராய்டில் டோஸையும் மீறும் துல்லிய அலாரம் இருக்கிறது, ஆனால் 12ஆம் பதிப்பிலிருந்து அதற்குத் தனி அனுமதி வேண்டும். 14இலிருந்து புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு, பயனர் அமைப்புகளுக்குள் போய்த் தந்தால்தான் உண்டு. நிரலாளர்கள் முணுமுணுத்தார்கள், நானும்தான். ஆனாலும் கட்டுப்பாடு நியாயமானது என்றே இப்போது நினைக்கிறேன். துல்லியம் கேட்ட செயலிகளில் பலவற்றுக்கு அது தேவையே இல்லை.

என் செயலியை இரண்டாகப் பிரித்தேன். காலை அறிவிப்புக்குத் துல்லிய அலாரம். குறிப்புகளைச் சர்வரில் சேமிக்கும் வேலை வொர்க் மேனேஜரிடம். அது நள்ளிரவில் நடந்தாலும் நாலு மணிக்கு நடந்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்புறம் சோதனை. கணினியிலிருந்து ஃபோனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியில், ஃபோனை வலுக்கட்டாயமாக டோஸுக்குள் தள்ளும் கட்டளை இருக்கிறது. கேபிள் செருகியிருக்கும்போதே ‘சார்ஜர் கழற்றப்பட்டது’ என்று ஃபோனை நம்ப வைக்கும் கட்டளையும் உண்டு. சோதனை முடிந்ததும் அதைப் பழைய நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருமுறை மறந்துவிட்டு, சார்ஜரில் போட்ட ஃபோனில் சார்ஜ் ஏறவே இல்லை என்று கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன்.