போன் காட்டும் எச்பியை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்

எந்த ஆப்பும் காரின் எச்பியை (குதிரைவலுவை) அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறது. காரின் ஓபிடி சொக்கெட்டில் (எஞ்சின் தகவலை வெளியே எடுக்கும் துளையில்) செருகும் புளூடூத் டொங்கிள் வேகத்தைக் கொடுக்கும்; அந்த வேகம் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்று பார்த்து, அதை அந்த நேரத்து வேகத்தாலும் நீங்கள் கொடுத்த எடையாலும் பெருக்கினால் வருவதுதான் திரையில் தெரியும் எண். கொழும்பில் இந்த எண்ணைக் காட்டியே எஞ்சின் வலுவைக் கூட்டும் ட்யூனிங்குக்குப் பணம் வாங்குகிறார்கள், இதைப் பார்த்துப் பாவித்த கார் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு தம்பி 1000 சிசி டொயோட்டா விட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். வேறோர் இடத்தில் ஈசியூவை (எஞ்சினை நடத்தும் கணினியை) ரீமெப் செய்த, அதாவது அதிலுள்ள செட்டிங்குகளை மாற்றிய பிறகு போனில் 74 காட்டியதாம். "அண்ணா, கொம்பனி சொல்றது 69தானே, அப்ப 5 கூடியிருக்கு" என்றார். ஆப்பின் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். வாகன எடை 1,400 கிலோ என்று இருந்தது. ஆப் போட்டபோதே இருந்த எண், யாரும் கை வைக்கவில்லை. அவரையும் சேர்த்தால் அந்தக் கார் ஏறக்குறைய 1,050 கிலோ. எடையைத் திருத்தியதும் அதே ஓட்டத்துக்கு 55தான் வந்தது.

அதற்காக ட்யூனால் வலு குறைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. கொம்பனி சொல்லும் 69 பிஎஸ் (எச்பியும் பிஎஸ்ஸும் கிட்டத்தட்ட ஒன்றுதான்) எஞ்சினின் கிராங்கில் (எஞ்சின் சுழற்றும் தண்டில்) அளந்தது. போன் கணிப்பது கியர்பொக்ஸில் போனது போக, காற்றைத் தள்ளப் போனதும் போக, காரை முடுக்க மிஞ்சிய வலுவை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. ரீமெப்புக்கு முன் அதே காரில் எடுத்த ஓட்டம் ஒன்று கையில் இருந்திருந்தால் ஏதாவது சொல்லலாம். அது இல்லை, அதனால் கொடுத்த பணத்துக்கு அவருக்கு என்ன கிடைத்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

வீதியும் ஏமாற்றும். 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒரு டொன் கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்தச் சாய்வுக்கே 3 எச்பி போய்விடும். திரும்பி வரும்போது அதே 3 கூடிக் காட்டும். ஏறும் பக்கம் 'முன்', இறங்கும் பக்கம் 'பின்' என்று எடுத்தால் எதுவும் செய்யாமலே 6 எச்பி ட்யூன் தயார்! ஆகவே ஒரே துண்டு வீதியில் இரு திசையிலும் ஓடிச் சராசரி எடுங்கள். ஏசி நிற்க வேண்டும், அதே ஆட்கள், அதே பெற்றோல், வெயிலும் ஏறக்குறைய அதே அளவு. காலி வீதி (Galle Road) நெரிசலில் ஊர்ந்து சூடேறிய எஞ்சினை அதிகாலை ஓட்டத்தோடு ஒப்பிடாதீர்கள். அப்புறம், ஓபிடி வேகம் முழு எண்ணாகத்தான் வரும், 61, 62, 63 என்று தாவித் தாவி. நல்ல ஜிபிஎஸ் இருந்தால் அதையே பாவியுங்கள்.

லப்டொப் மென்பொருள்களில் இன்னொரு சிக்கல். பல மென்பொருள்கள் ஆர்பிஎம்மையும் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்பதையும்) கியர் விகிதத்தையும் வைத்து வேகத்தைக் கணிப்பவை. இங்கே ஓடும் ஜப்பான் கார்களில் நிறைய சிவிடி, அதாவது படிப்படியான கியர் இல்லாதவை. ஆர்பிஎம் ஒரே இடத்தில் நிற்க வேகம் மட்டும் ஏறும். அந்தக் கணக்கு அங்கே செல்லாது. டொயோட்டா அக்வா போன்ற ஹைபிரிட் என்றால் மோட்டரும் சேர்ந்து தள்ளுகிறது, பற்றரியில் இருக்கும் சார்ஜைப் பொறுத்தே விடை மாறும்.

கராஜில் எச்பி, டோர்க் (சுழற்றும் விசை) கிராஃப் அச்சடித்துக் கொடுத்தால் கல்குலேட்டரை எடுங்கள். நியூட்டன் மீட்டரில் உள்ள டோர்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவோட் வரும். 4,300 ஆர்பிஎம்மில் 92 என்றால் 41 கிலோவோட், அதாவது 56 பிஎஸ். எச்பியும் பவுண்ட்-அடி டோர்க்கும் ஒரே அளவுகோலில் இருந்தால் 5,252 ஆர்பிஎம்மில் இரண்டு கோடும் வெட்டியே ஆக வேண்டும். வெட்டவில்லையா, அந்தத் தாளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ஈசியூவே சொல்லும் டோர்க் என்று சிலர் காட்டுவதும் அளந்த எண்ணல்ல, உள்ளே உள்ள அட்டவணைகளிலிருந்து வருவது. ரீமெப் செய்பவர் அந்த அட்டவணைகளையும் மாற்றியிருக்கலாம்.

தயவுசெய்து இந்தச் சோதனையைக் கொழும்பின் மரைன் டிரைவ் வீதியில் செய்யாதீர்கள். கட்டுநாயக்க அதிவேகப் பாதையிலும் வேக எல்லை 100 கிலோமீட்டர்தான். சரியான விடை வேண்டுமென்றால் டைனோவில் (வலுவை அளக்கும் இயந்திரத்தில்) ஏற்றுங்கள், ட்யூனுக்கு முன் ஒன்று, பின் ஒன்று, இரண்டும் ஒரே இயந்திரத்தில். பணம் கொடுக்கும் முன் ஈசியூவின் பழைய ஃபைலின் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 95 ஒக்டேன் பெற்றோலுக்கு ட்யூன் செய்த காரில் 92 அடித்து எஞ்சின் தட்டத் தொடங்கினால் திரும்பிப் போக அது வேண்டும்.