மலையில் கட்டிய வளையம் சேலத்தில் ஏன் வாடுகிறது?

மூங்கில் சிம்பை வளைத்துக் கட்டி, அதன்மேல் சைப்ரஸ், சில்வர் ஓக், சவுக்குத் தழைகளைக் கொத்துக்கொத்தாக வைத்துக் கம்பியால் இறுக்கினால் கிறிஸ்துமஸ் வளையம் தயார். வசதியில்லாத பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு நிதி திரட்டுவதற்காக ஏற்காட்டில் தன்னார்வலர்கள் இதைக் கட்டுகிறார்கள். வாங்குபவர்களில் பெரும்பாலோர் கீழே சேலத்தில் இருக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மலையில் பல நாள் பசுமை மாறாமல் இருக்கும் தழை, சேலத்து வாசற்கதவில் மாட்டிய மறுநாளே தளர ஆரம்பித்துவிடுகிறது. கட்டியவர்களின் கைவேலையில் குறை இல்லை. பறித்த தழையின் ஆயுள் முழுக்க முழுக்க நீர்க்கணக்கு. அந்தக் கணக்கு தெரிந்தால் வளையத்தின் ஆயுளை நன்றாகவே நீட்டலாம்.

முதலில் காற்றைப் பார்ப்போம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பதால், இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 8 டிகிரி வேறுபாடு இருக்கும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 28 டிகிரியில் 27 கிராம். மலைக்காற்றில் 14 கிராம் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மீதி இடம் 3 கிராமுக்குத்தான். அதே அளவு நீராவியுள்ள காற்று சேலத்தில் இருந்தால் மீதி இடம் 13 கிராம். காற்றின் தாகம் நான்கு மடங்காகிவிடுகிறது. தழையிலிருந்து நீர் வெளியேறும் வேகமும் ஏறக்குறைய அந்த அளவுக்கு உயர்கிறது. வெயில் படும் கதவும் மின்விசிறிக் காற்றும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

இலை இதற்கு முன்னால் கைகட்டி நிற்பதில்லை. அதன் மேல்தோலில் மெழுகுப் பூச்சு இருக்கிறது. அதன் வழியாக நீர் மிகக் கொஞ்சமே கசியும். இலைப்பரப்பில் 1 விழுக்காடு அளவே உள்ள இலைத்துளைகள் வழியாகத்தான் 90 விழுக்காட்டுக்கும் மேலான நீர் போகிறது. பறித்தவுடன் இலை அந்தத் துளைகளை மூடப் பார்க்கிறது. எவ்வளவு விரைவாக மூடுகிறது, மூடியபின் மெழுகு எவ்வளவு காக்கிறது என்பதில்தான் தழைக்குத் தழை வேறுபாடு. மாவிலைத் தோரணம் வாடாமல் தாக்குப்பிடிப்பதும் இதனால்தான்: தடித்த மெழுகு, துளைகள் இலையின் அடிப்பக்கத்தில் மட்டும். ஓடையோரத்து மெல்லிய பெரணி பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், மெழுகு குறைந்த அதன் இலை அரை நாளில் சுருண்டுவிடும். அதை வளையத்தில் வைக்கவே கூடாது என்பேன்.

சவுக்கை நம்மூரில் பலரும் ஊசியிலை மரம் என்றே நினைக்கிறார்கள். ஒரு ‘ஊசி’யைக் கிள்ளி இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள், கணு கணுவாகக் கழன்று வரும். கழன்ற இடத்தில் பூதக்கண்ணாடி வைத்தால், கணுவைச் சுற்றிக் கிரீடம்போல் சின்னஞ்சிறு பற்கள் தெரியும். அவைதான் சவுக்கின் உண்மையான இலைகள். நாம் ஊசி என்று நினைப்பது பச்சையான சிறு கிளை. அதன் நீளவாக்கில் நுண்ணிய பள்ளங்கள் ஓடுகின்றன. இலைத்துளைகள் அந்தப் பள்ளங்களுக்குள் ஒளிந்திருக்கின்றன. வறண்ட காற்று நேரடியாகத் தீண்ட முடியாத இடம். கடற்கரை மணலில் வாழக் கற்ற மரத்தின் இந்த ஏற்பாடு நம் வளையத்துக்கும் உதவுகிறது.

காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதன் இலையின் அடிப்பக்க வெள்ளி நிறம் நுண்மயிர்களால் வருவது. அவை இலையை ஒட்டி அசையாத காற்றுப் படலம் ஒன்றைப் பிடித்துவைத்து நீரிழப்பைக் குறைக்கின்றன. விறைப்பான இலை என்பதால் காய்ந்தபிறகும் வடிவம் கெடாது. தோட்டத்தில் கழித்துப்போடும் கிளைகளே போதும். காப்புக்காட்டுக்குள் போய் எதையும் வெட்ட வேண்டியதில்லை.

இனி, எப்போது வெட்டுவது? பகலில் இலைகள் நீரை உறிஞ்சி இழுப்பதால், தண்டுக்குள் நீர் 10 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலான இழுவிசையில் விறைத்து நிற்கும். அந்த நேரத்தில் அரிவாள் பட்டால் நீர்த்தம்பம் அறுந்து சடக்கென்று உள்ளே போகும்; வெட்டுவாயில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். பிறகு வாளித் தண்ணீரில் வைத்தாலும் நீர் ஏறுவது கடினம். இரவெல்லாம் வேர் நீரேற்றியபின் விடியலில் இழுவிசை மிகக் குறைவாக இருக்கும். ஆகவே வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும். உடனே நீருக்குள் வைத்து அடிமுனையை இன்னும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நறுக்கிவிட்டால் காற்றடைத்த பகுதி போய்விடும்.

சைப்ரஸுக்கு இதில் தனிச் சலுகை உண்டு. அதன் நீர்க்குழாய்கள் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள செல்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் போகும் நுண்துளை ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய சவ்வில் ஒரு தட்டு தொங்குகிறது. ஒரு செல்லில் காற்று புகுந்தால் அந்தத் தட்டு நகர்ந்து துளையை அடைத்துவிடும். காற்று அடுத்த செல்லுக்குப் பரவாது. இயற்கை செய்த மிக நேர்த்தியான வால்வுகளில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

இலை உதிர்வது வேறு கதை. உதிர்வதற்கு இலைக்காம்பின் அடியில் உயிருள்ள செல்கள் ஒரு பிரிவடுக்கை உருவாக்க வேண்டும். புயலில் ஒடிந்த கிளையில் காய்ந்த இலைகள் ஒட்டிக்கொண்டே இருப்பது, அந்த வேலையைச் செய்து முடிக்கும் முன்பே செல்கள் இறந்துவிடுவதால்தான். உயிரோடிருக்கும் தழையில் உதிர்வைத் தூண்டிவிடுவது எத்திலீன் என்ற வாயு. அது செடிகளைப் பாதிக்கிறது என்பதை 1901இல் ரஷ்ய அறிவியலாளர் நெல்யூபோவ் கண்டறிந்தார். பழுக்கும் வாழைத்தாரும் ஆப்பிளும் இதை நிறைய வெளியிடும். ஆரஞ்சு மிகக் குறைவாகவே வெளியிடும். தழை மூட்டையைப் பழக்கூடைகளோடு ஒரே வண்டியில் ஏற்றக் கூடாது.

அலங்காரத்துக்குச் சிவந்த காப்பிப் பழங்களைச் செருக ஆசை வரும். சதைப்பழம் என்பதால் சீக்கிரம் சுருங்கிக் கறுத்துப்போகும். விற்கும் நாள் காலையில் சேர்ப்பது நல்லது. பச்சை மிளகுச் சரமும் காயும்போது கறுக்கும், ஆனால் அந்தக் கறுப்பு அழகாகவே இருக்கும்.

வளையத்தின் உள்ளே நனைத்த தென்னைநாரைப் பொதிந்து, தண்டுகளின் வெட்டுமுனைகளை அதற்குள் செருக வேண்டும். மேலே தெளிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி மெழுகில் வழிந்தோடிவிடும். நாரில் ஊறிய தண்ணீர்தான் தண்டு வழியாக இலைக்குப் போகும். பூக்கடைகளில் கிடைக்கும் பச்சை நுரைக்கட்டி வேண்டாம்; அது மக்காத பிளாஸ்டிக். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிக் கீழே கொண்டுபோகும்போது ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸின் வெயில் படாத பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவரிடம், “இரவில் மொட்டை மாடியில் பனியில் வையுங்கள், நாரை நாளுக்கொரு முறை நனையுங்கள்” என்று சொல்லி அனுப்புங்கள்.