டியூனிங் கீயைக் கழற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இந்த வருடத்தில் இது நான்காவது. நான்காவது பழைய பெடல் ஸ்டீல் கிட்டார், நான்காவது பாழான கீஹெட். அதனால்தான் வேலையை ஓரமாக வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். புதியவர்களுக்கு ஒரு வரி: பெடல் ஸ்டீல் என்பது கிடையாக வைத்து, தந்தி மேல் உலோகப் பாரை நகர்த்தி, பெடலாலும் முழங்கால் லீவராலும் சுருதியை ஏற்றி இறக்கி வாசிக்கும் கிட்டார்; சுருதி சேர்க்கத் திருகும் டியூனிங் கீகள் உட்காரும் தலைப்பகுதிதான் கீஹெட்.

போன வாரம் மேசைக்கு வந்தது 1970-களில் செய்த பத்துத் தந்திக் கருவி. வாசிப்பவர் இருபது வருட அனுபவம் உள்ளவர், கருவியைக் குழந்தை போலப் பார்த்துக்கொள்பவர். "சுருதி நிற்கவே இல்லை. பழைய கீ தேய்ந்துவிட்டது என்று புது செட் வாங்கிப் போட்டேன். இப்போதும் நிற்கவில்லை" என்றார். புதுக் கீயின் கழுத்து பழைய துளையில் நுழையவில்லை. ஆகவே எட்டரை மில்லிமீட்டர் சொச்சம் இருந்த துளைகளைக் கை டிரில்லால் பத்து மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கியிருக்கிறார். பத்துத் துளைகளில் மூன்று சாய்ந்து போயிருந்தன. ஒன்றின் விளிம்பில் கீறல் விட்டிருந்தது. பழைய கீகளைப் பற்றிக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டாராம்.

உண்மையான கோளாறு என்ன தெரியுமா? மூன்றாம் தந்தியின் ரோலர், அதாவது கீஹெட் பக்கம் தந்தி ஏறிப் போகும் சிறு உருளை, சுற்றவில்லை. அச்சில் பல வருடப் பிசுக்கு. கழற்றித் துடைத்து மாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதற்காக ஐம்பது வருடம் தாங்கிய ஒரு கீஹெட் போய்விட்டது.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கும் மேல் ஒரே நம்பிக்கைதான்: கீயில் ஆட்டம் இருக்கிறது, ஆகவே சுருதி நழுவுகிறது. பிடியைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்டுவார்கள். "பாருங்கள், கால் சுற்று சும்மாவே சுற்றுகிறது." ஆமாம், சுற்றும். பழைய கீ என்றால் அப்படித்தான் சுற்றும். அதனால் சுருதி நழுவாது.

கீயின் உள்ளே இருப்பது ஒரு திருகுத் தண்டும் ஒரு பல்சக்கரமும். பிடியைத் திருப்பினால் தண்டு சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தை எவ்வளவு இழுத்தாலும் தண்டு சுற்றாது. தந்தி எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் அதனால் பிடியைத் தானாகத் திருப்பிவிட முடியாது. அடுத்தது இன்னும் முக்கியம். தந்தி கட்டியிருக்கும்போது சக்கரத்தின் பல் எப்போதும் தண்டின் ஒரே பக்கத்தில்தான் அழுந்தி நிற்கும். இ9 என்ற சுருதி அமைப்பில் மூன்றாவது தந்தியின் தடிமன் 0.011 அங்குலம், சுரம் ஜி ஷார்ப். 24 அங்குல நீளத்தில் அது ஏறக்குறைய 27 பவுண்டு விசையில், அதாவது 12 கிலோவுக்கு மேல், இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழுப்பில் பல்லுக்கும் தண்டுக்கும் இடையே இருக்கும் இடைவெளி மறுபக்கமாக ஒதுங்கிவிடும். நீங்கள் அசைத்துக் காட்டும் அந்தக் கால் சுற்று, அந்தக் காலியான பக்கத்தில்தான் நடக்கிறது. கீழிருந்து மேலாகச் சுருதி ஏற்றி நிறுத்தினால் அது நின்ற இடத்தில் நிற்கும். மேலே போய்விட்டதா? நன்றாகக் கீழே இறக்கி, மறுபடி கீழிருந்து ஏற்றி நிறுத்துங்கள். இறக்கும் திசையில் நிறுத்தினால்தான் அந்த இடைவெளி வேலையைக் காட்டும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. தலையை ஆட்டிக்கொண்டே போய்ப் புதுக் கீ வாங்கிவிடுகிறார்கள்.

சரி, அப்படியானால் சுருதி ஏன் மாறுகிறது? கருவியே சொல்லும், கேட்கத்தான் வேண்டும். திறந்த தந்தியை, அதாவது பெடல் போடாத தந்தியை, சுருதி காட்டும் டியூனரில் சரியாக வையுங்கள். அதை ஏற்றும் பெடலை ஒரு முறை அழுத்தி விடுங்கள். மறுபடி மீட்டுங்கள். முள் கீழே இறங்கி நிற்கிறதா? இப்போது ரோலருக்கும் கீக்கும் இடையே உள்ள தந்தித் துண்டை விரலால் மெல்ல ஒரு அழுத்து அழுத்தி எடுங்கள். முள் பழைய இடத்துக்கு ஏறி வந்தால் குற்றவாளி ரோலர்தான். பெடல் இழுக்கும்போது தந்தி ரோலர் மேல் கொஞ்சம் நகர்கிறது. விட்டதும் திரும்பி வர வேண்டும். ரோலர் இறுகியிருந்தால் திரும்பாது. இறக்கும் லீவரைப் போட்டு விட்ட பிறகு சுருதி சற்று மேலே நின்றால் அதுவும் இதே நோய்தான், திசை மட்டும் வேறு. போன வாரக் கருவியில் பெடலை விட்டதும் முள் ஆறு சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே நின்றது. விரலால் அழுத்தினேன், நடுக்கோட்டுக்கு வந்துவிட்டது. உரிமையாளர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இரண்டாவது குற்றவாளி பெட்டியின் கோடியில் இருக்கும் நைலான் நட். ஏற்றுவதையும் இறக்குவதையும் இரண்டையும் ராடு (பெடலின் அசைவைத் தந்தி வரை கொண்டுபோகும் கம்பி) இழுத்தே செய்யும் கருவிகளில், திறந்த சுருதிக்குக் கீ, பெடல் போட்ட சுருதிக்கு நைலான் நட். இந்தப் பாகுபாடு பலருக்குப் பிடிபடுவதில்லை. ராடு ஓய்வில் இருக்கும்போது நைலானுக்கும் சேஞ்சர் ஃபிங்கருக்கும் (தந்தியின் மறுமுனையைப் பிடித்து இழுக்கவும் தளர்த்தவும் செய்யும் நெம்பு) இடையே இம்மியளவாவது தளர்வு இருக்க வேண்டும். அந்தத் தளர்வையும் 'ஆட்டம்' என்று நினைத்து நைலானை இறுக்கிவிடுகிறார்கள். அப்புறம் ஃபிங்கர் தன் நிறுத்தத்தில் போய் முழுதாக உட்காராது. திறந்த சுருதி மேலே போகும். அதைக் கீயால் இறக்குவார்கள். உடனே பெடல் சுருதி கெடும், நைலானை இன்னும் இறுக்குவார்கள். இப்படியே மாற்றி மாற்றி ஒரு மாலை முழுதும் ஓடிவிடும். கடைசியில் பழி கீ மேல் விழும். எல்லா நைலானையும் தளர்த்திவிட்டு, திறந்த சுருதியை முதலில் வையுங்கள். அதன் பிறகு பெடல் சுருதி.

மூன்றாவது, பெட்டி வளைவது. ஏ, பி என்று அழைக்கும் இரண்டு பெடலையும் சேர்த்து அழுத்தினால், அவற்றுக்குச் சம்பந்தமே இல்லாத நான்காம் தந்தியின் இ சுரம் சில சென்ட் இறங்கும். பத்துத் தந்திகளும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும் பெட்டி அது. பெடல் போட்டால் இன்னும் கொஞ்சம் வளையத்தான் செய்யும். பழைய மரப் பெட்டியில் இது இயல்பு. இதற்குப் போய்க் கீ மாற்றுவது தலைவலிக்குச் செருப்பை மாற்றுவது மாதிரி.

நைலான் நட் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் தாராளமாக மாற்றுங்கள். அது தேய்வதற்கென்றே இருக்கும் பொருள். ராடு முனையின் மரையைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டுப் புதியதைக் கையால் ஏற்றுங்கள். வழுக்கிச் சுற்றுகிற பழைய நைலானைப் பசை போட்டு நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. பிறகு அதை எடுக்க ராடையே வெட்ட வேண்டிவரும். பல கருவிகளில் நைலானின் தலை 3/16 அங்குலம், அதாவது 4.76 மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர் சாவி 'ஏறக்குறைய சரி' என்று போட்டால் மூலைகள் மழுங்கிவிடும். அமெரிக்கக் கருவிக்கு அங்குலச் சாவிதான். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

கீ மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏற்றும் திசையிலேயே பிடி ஓரிடத்தில் வழுக்கி, மறுபடி கவ்வுகிறதா? பல் போய்விட்டது. தண்டு வளைந்து ஒரு சுற்றுக்குள் இறுக்கமும் இளக்கமும் மாறி மாறி வருகிறதா? அதுவும் போய்விட்டது. தந்தி சுற்றும் கம்பம் விரலால் தள்ளினால் சாய்கிறதா? மாற்ற வேண்டியதுதான். பிளாஸ்டிக் பிடி மட்டும் பொடிந்திருந்தால் பிடியை மட்டும் மாற்றலாம். அதற்காக முழுக் கீயையும் தூக்கி எறிய வேண்டாம். தகடு மடித்து மூடிய பழைய க்ளூசன் நிறுவனக் கீகளின் முதுகில் எண்ணெய் விடச் சிறு துளை ஒன்று இருக்கும். ஒரே ஒரு சொட்டு தையல் இயந்திர எண்ணெய் விட்டு, தந்தி இல்லாமல் முன்னும் பின்னும் ஐம்பது சுற்று சுற்றிப் பாருங்கள். பாதிக் கீகள் அதிலேயே பிழைத்துக்கொள்ளும்.

மாற்றுவது என்று முடிவானால் துளையின் விட்டம், திருகுகளின் இடைவெளி, கம்பத்தின் உயரம் மூன்றையும் காலிப்பரால் அளந்து, அதற்குப் பொருந்தும் கீயைத் தேடுங்கள். கருவிக்கு ஏற்ற கீ கிடைக்கும் வரை காத்திருங்கள். கீக்கு ஏற்றபடி கருவியை வெட்டாதீர்கள். கம்பத்தின் உயரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கம்பம் உயரமாகிவிட்டால் தந்தி ரோலர் மேல் அழுந்தும் கோணம் குறைந்துவிடும். பாரை வைத்ததும் தந்தி அதிரும். 15-க்கு 1 (பிடியை 15 சுற்று சுற்றினால் கம்பம் ஒரு சுற்று) என்றிருந்த இடத்தில் 18-க்கு 1 கீ போட்டால் நுணுக்கமாகச் சுருதி வைக்க வசதிதான், ஆனால் பத்தையும் ஒரே வகையாகப் போடுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் திரும்பினால் மேடையில் கை தடுமாறும்.

அலுமினியக் கீஹெட்டில் எஃகுத் திருகு ஐம்பது வருடம் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். வேகமாகத் திருப்பினால் தலை மட்டும் கையோடு வரும். ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு வைத்து ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அசைத்துவிட்டு, பிறகு கழற்றுங்கள். ஒரு கீயை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுங்கள். தந்தியைத் தளர்த்தாமல் வெட்டாதீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அந்த மூன்றாம் தந்தி ஏ சுரத்துக்கு ஏறும்போது 31 பவுண்டு வரை போகிறது, அறுகிற நிலைக்கு வெகு பக்கத்தில். எது முதலில் அறும் என்று வாசிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ரோலர் சுத்தம் செய்வது இவ்வளவுதான்: அச்சை உருவும் முன் ரோலர்களின் வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தந்தியின் தடிமனுக்கும் ஒவ்வொரு பள்ளம். இடம் மாறினால் தந்திகளின் மேல்மட்டம் ஒரே கோட்டில் நிற்காது. நாப்தாவில் கழுவி, துடைத்து, அச்சில் மெல்லிய எண்ணெய் தடவி மாட்டுங்கள். நாப்தா பட்டென்று பற்றும், ஜன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ வேண்டாம். சேஞ்சருக்குள் துருநீக்கி ஸ்பிரேயைப் பீய்ச்சுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அன்றைக்கு வழுவழுவென்று இருக்கும். அப்புறம் தூசியோடு சேர்ந்து பசையாகும், அந்தப் பசையைச் சுரண்டுவது என் வேலையாகும்.

பழைய கருவிகளில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. 1950-களில் அமெரிக்க ஸ்டீல் கிட்டார் கலைஞர் பட் ஐசக்ஸ் பெடலால் தந்தியை வளைத்து வாசித்ததைக் கேட்டுவிட்டு, ஆளுக்காள் தங்கள் கருவிக்குப் பெடல் பொருத்த ஆரம்பித்தார்கள். ஐசக்ஸ் ஒரே பெடலில் செய்த மாற்றத்தை இரண்டாகப் பிரித்தவர் இன்னொரு கலைஞர், பட்டி எமன்ஸ். இன்று எல்லாரும் அழுத்தும் ஏ, பி பெடல்கள் அதிலிருந்து வந்தவை. அவரும் ஷாட் ஜாக்சனும் நாஷ்வில்லில் தொடங்கிய ஷோ-பட் நிறுவனத்தின் கருவி, பிறகு எமன்ஸ் பெயரிலேயே வந்த புஷ்-புல் கருவி, கேபிளால் இழுத்த ஃபெண்டர் 1000 என்று ஒவ்வொன்றும் தனித்தனி இயந்திரம். ஒன்றின் உதிரிப் பாகம் மற்றொன்றில் உட்காராது. ஒரே பெயரில் வந்த கருவிகளிலேயே வருடத்துக்கு வருடம் பாகம் மாறியிருக்கும்.

அதனால் ஒரு வேண்டுகோள். எதைக் கழற்றினாலும், தேய்ந்ததே ஆனாலும், ஒரு சின்னப் பையில் போட்டுத் தந்தி எண்ணை எழுதிக் கருவிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். திருகையும் சேர்த்து. பழைய கீ ஒன்று கையில் இருந்தால் அதை அளந்து பொருத்தமானதைத் தேடலாம். இரண்டு இருந்தால் பாகம் மாற்றி ஒன்றைப் பிழைக்க வைக்கலாம்.

போன வாரக் கருவிக்குத் துளைகளில் பித்தளை வளையம் கடைந்து இறக்கிக்கொண்டிருக்கிறேன். சாய்ந்த மூன்றையும் நேராக்கிவிட்டேன். கீறல் விட்ட ஒன்பதாம் துளையை மட்டும் இன்னும் தொடவில்லை.