விலை உயர்ந்த கூலிங் கிளாஸ்: காசு எதற்குப் போகிறது?

கூலிங் கிளாஸ் வாங்கும்போது பலரும் முதலில் பார்ப்பது லென்ஸ் எவ்வளவு கறுப்பு என்பதைத்தான். ஆனால் புற ஊதாக் கதிரைத் தடுப்பது கறுப்பு நிறம் அல்ல, லென்ஸ் செய்யப்பட்ட பொருள். நிறமே இல்லாத பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் லென்ஸ்கூட சுமார் 380 நானோமீட்டர் அலைநீளம் வரை உள்ள புற ஊதாவைக் கிட்டத்தட்ட முழுதாக உறிஞ்சிவிடும். கூடவே ஒரு வேதிப்பொருளைக் கலந்தால் 400 வரை தடுக்கலாம். ‘யூவி 400’ என்று எழுதியிருப்பதன் பொருள் அதுதான். இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. சில நூறு ரூபாய்க் கண்ணாடியிலும் இந்தப் பாதுகாப்பு உண்மையாகவே இருக்கலாம்.

இல்லாமலும் இருக்கலாம், அதுதான் கவலை. கறுப்பு லென்ஸுக்குப் பின்னால் கண்பாவை விரிகிறது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும் நின்றுவிடுகிறது. லென்ஸ் புற ஊதாவைத் தடுக்காவிட்டால் அது உள்ளே போக வழி அகலமாகிறது. ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். புற ஊதா மீட்டர் வைத்திருக்கும் கண்ணாடிக் கடையில் கொடுத்தால் உடனே சோதித்துச் சொல்லிவிடுவார்கள்.

சரி, அப்படியானால் கூடுதல் காசு எதற்கு? முதலில் லென்ஸின் வார்ப்புக்கு. கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியாகக் கதவு நிலையின் நேர்க்கோட்டைப் பார்த்தபடி மெல்ல அசையுங்கள். கோடு நெளிந்தால் லென்ஸ் சரியில்லை. அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வண்டி ஓட்டினால் கண் களைத்துப்போகும், தலையும் வலிக்கலாம்.

அடுத்தது போலரைஸ்டு லென்ஸ். தண்ணீரிலும் தார்ச்சாலையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கிறது. அந்த ஒளியை வடிகட்டுவதுதான் இந்த லென்ஸின் வேலை. அமெரிக்காவின் எட்வின் லேண்ட் 1929இல் காப்புரிமை கோரிய ஒளிவடிகட்டித் தாளில் தொடங்கிய நுட்பம் இது. இன்று பாலிவினைல் ஆல்கஹால் படலத்தை இழுத்து நீட்டி அயோடின் ஏற்றுகிறார்கள். அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசையாகி, அந்தத் திசையில் அதிரும் ஒளியை விழுங்கிவிடுகின்றன. லென்ஸில் அந்த வரிசை கிடைமட்டமாக இருக்கும்படி பொருத்தினால் கண்கூச்சம் பெருமளவு போய்விடும். மலிவுச் சரக்கில் இரண்டு லென்ஸிலும் படலம் ஒரே கோணத்தில் ஒட்டப்படாமல் போகலாம். காருக்குள் வெயிலில் கிடந்தால் ஓரங்களில் பிரிந்தும் வரலாம். லேப்டாப் திரைக்கு முன்னால் கண்ணாடியைச் சுழற்றிப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இருள வேண்டும்.

பிரேமிலும் வித்தியாசம் உண்டு. அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் பலகையிலிருந்து வெட்டிய பிரேமைச் சூடுகாட்டி முகத்துக்கு ஏற்ப வளைக்கலாம். கீலையும் பாருங்கள். ஸ்க்ரூ நேராகப் பிளாஸ்டிக்கில் ஏறியிருந்தால் சீக்கிரம் ஆட்டம் காணும். கீறல் விஷயத்தில் மட்டும் விலை பெரிதாகக் கைகொடுக்காது. பாலிகார்பனேட் எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் மென்மையானதுதான், தூசியோடு சட்டை நுனியால் துடைத்தால் மேற்பூச்சையும் தாண்டிக் கோடு விழும்.

ஒரு கட்டத்துக்கு மேல் விலை ஏறுவது பெயருக்காக. 1937இல் பாஷ் அண்ட் லோம்ப் தொடங்கிய ரே-பான் 1999இல் இத்தாலியின் லக்ஸாட்டிகா என்ற கண்ணாடி நிறுவனத்திடம் போனது, 2007இல் ஓக்லி பிராண்டும் போனது. பிராடா, சேனல் பெயர்களில் வரும் கண்ணாடிகளையும் உரிமம் பெற்றுச் செய்வது அதே நிறுவனம்தான். என்னைக் கேட்டால், தினமும் வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்கள் நடுத்தர விலையில் நல்ல போலரைஸ்டு கண்ணாடி வாங்கலாம். அதிலும் 8 முதல் 18 சதவீதம் ஒளியை விடும் 3ஆம் வகை போதும். அதைவிடக் கறுப்பான 4ஆம் வகை வண்டி ஓட்ட ஆகாது. அப்புறம், காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் மாற்று லென்ஸும் மூக்குத் தாங்கியும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.